வினாக்கொத்துக்கு அப்பால்: கல்லோயாவும் மாணவர் களப்பயணங்களும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது’ என்பது தமிழர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நூலறிவு மாத்திரம் வாழ்வுக்குப் போதாது என்பதனை அது உணர்த்துகின்றது. எனினும், ஏட்டை மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குச் செல்பவர் அனைவரும் சுரைக்காயுடன் திரும்புவதில்லை. எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு காலம் தங்குவது என்பவற்றை அறியாது சென்றவர், சென்றவாறே வெறுங்கையுடன் மீள்வதும் உண்டு.

சமாதானக் கல்வி, அபிவிருத்திக் கல்வி ஆகிய துறைகள் பல்கலைக்கழகங்களில் இடம்பெறத் தொடங்கிய காலந்தொட்டு, மாணவர் களப்பயணம் அவற்றின் இன்றியமையாத கூறாகக் கருதப்பட்டு வந்துள்ளது. அனுபவமே கல்வி என்னும் கோட்பாடு இதற்கு அடிப்படையாகும். இக்கோட்பாட்டின் முதன்மையான ஆசிரியராகப் போற்றப்படும் ஜோன் டூயி, 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அனுபவமும் கல்வியும்’ என்னும் நூலில் ஓர் எச்சரிக்கையையும் விடுத்திருந்தார். கல்வி அனுபவத்தினூடாகவே வருகின்றது என்பதனால் அனுபவங்கள் யாவும் ஒரே தன்மையிற் கல்வியாகிவிடுவதில்லை என்பதே அதுவாகும். 1984இல் டேவிட் கோல்ப் அனுபவக் கற்றலை அனுபவம், சிந்தனை, கருத்தாக்கம், செயல்முறைப் பரிசோதனை என நான்கு படிகள் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்கியபோதும், அனுபவம் அச்சுழற்சியின் ஒரு படியாக மாத்திரமே அமைந்தது.

அவ்வாறாயின், களப்பயணம் எப்பொழுது கல்வியாகின்றது? இவ்வினாவுக்கு விடைகாண இலங்கையின் வரலாறே ஓர் அரிய சான்றினை அளிக்கின்றது. கல்லோயாப் பள்ளத்தாக்கிற்கு, இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில், இருவேறு இளைஞர் குழுக்கள் கற்கும் நோக்குடன் சென்றன. முதலாவது குழு 1956இற் சென்றது. இரண்டாவது 1981இற் சென்றது. இவ்விரண்டினையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, களக்கல்வியின் இயல்பு பற்றிய சில உண்மைகள் புலனாகின்றன.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் சமூகவியற் கல்வியை 1940களின் இறுதியில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான பிரைஸ் றையன் ஆவார். இவர் 1953இல் வெளியிட்ட ‘நவீன இலங்கையிற் சாதி’ என்னும் நூலும், 1958இல் வெளிவந்த சிங்களக் கிராமம் ஒன்று பற்றிய நூலும் கள ஆய்வினை ஆதாரமாகக் கொண்டவை. நூலகத்திலிருந்து சமூகத்தைக் கற்றல் இயலாது, கிராமத்துக்குச் செல்லுதல் வேண்டும் என்னும் மரபு இவ்வாறு வேரூன்றியது. 1957இல் என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் இணைந்து வெளியிட்ட ‘சிதைவுறும் கிராமம்’ என்னும் அறிக்கை அம்மரபின் சிறந்த விளைவுகளுள் ஒன்றாகும். கண்டிப் பிரதேசத்தின் பாத்த தும்பறைக் கிராமங்களிற் பல்கலைக்கழகம் நடத்திய சமூக, பொருளாதார அளவீட்டின் பெறுபேறான அந்நூல், நிலமின்மையும் வறுமையும் கிராம அமைப்பினை எவ்வாறு குலைத்து வருகின்றன என்பதனை எடுத்துக்காட்டிற்று.

ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா 1929இற் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1954இற் கலாநிதிப் பட்டம் பெற்று, தாயகம் திரும்பிச் சமூகவியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். கிராமம் சிதைவதனை ஆராய்ந்த அவருடைய பார்வை, அச்சிதைவுக்குப் பரிகாரமாக அரசு முன்வைத்த குடியேற்றத் திட்டங்களின்பாற் சென்றது இயல்பேயாகும். நிலமற்ற கமக்காரனுக்கு நிலம் கொடுத்தால் என்ன நிகழும் என்பதனைக் கற்பதற்குக் கல்லோயாவைவிடப் பொருத்தமான இடம் அக்காலத்தில் வேறில்லை.

சுதந்திர இலங்கையின் முதலாவது பாரிய அபிவிருத்தி முயற்சி கல்லோயாத் திட்டமாகும். முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் காலத்தில், 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. இங்கினியாகலையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் துணையுடன் அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடு வெட்டப்பட்டு, வாய்க்கால்கள் வகுக்கப்பட்டு, வயற்காணியும் மேட்டுக்காணியும் பெற்ற குடியேற்றவாசிகள் வந்து சேர்ந்தனர். இவர்களுட் பெரும்பான்மையோர் பிற மாகாணங்களிலிருந்து வந்த சிங்களக் கமக்காரராவர். கீழ்ப்புறத்தே, கடலோரத்தை அண்டி, தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வந்த பழைய வயல்கள் இருந்தன. அன்று அப்பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961ஆம் ஆண்டிலாகும். ஆகவே, அத்திட்டம் சிலருக்கு அபிவிருத்தியாகவும் வேறு சிலருக்குத் தம் நிலத்தின் எதிர்காலம் பற்றிய அச்சமாகவும் ஒரே வேளையில் தோன்றிற்று.

1956 ஜூன் மாதத்தில், சிங்களவரும் தமிழரும் அடங்கிய மாணவர் குழுவொன்றினை அழைத்துக்கொண்டு தம்பையா கல்லோயாவுக்குச் சென்றார். புதிய குடியேற்றங்களின் சமூக நிலையை அளவிடுவதே பயணத்தின் நோக்கம். மாணவர் வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டும் முறையிலே அது திட்டமிடப்பட்டிருந்தது.

அதே மாதம் 5ஆந் திகதி, சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அன்று தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலிலே நடத்திய சத்தியாக்கிரகம் வன்முறைக் கும்பல்களாற் குலைக்கப்பட்டது. கொழும்பில் மூண்ட கலவரம் சில நாட்களிற் கல்லோயாவை அடைந்தது. மட்டக்களப்பிற் சிங்களப் பெண்ணொருத்தி மானபங்கப்படுத்தப்பட்டாள் என்னும் பொய்யான வதந்தி வாய்க்கு வாய் பரவியது. அதன்பின் நிகழ்ந்த வன்செயல்களிற் கொல்லப்பட்டோரின் தொகை பற்றிக் கணிப்புகள் வேறுபடுகின்றன. ஏறத்தாழ 150 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணிப்பாகும். அவர்களுட் பெரும்பாலோர் தமிழராவர். சுதந்திரத்தின் பின் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த முதலாவது பெருங்கலவரம் இதுவே. ஆய்வுக்கென வந்த மாணவரும் அவர்தம் ஆசிரியரும் அதன் நடுவே அகப்பட்டுக்கொண்டனர்.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கல்லோயா வன்முறையில் ஈடுபட்டோர் திட்டத்துக்குச் சொந்தமான வாகனங்களைக் கைப்பற்றிப் பயன்படுத்தினர். பாறை உடைக்கவென வைத்திருந்த வெடிமருந்தும் அவர்கள் கைக்கு எட்டியது. காட்டை வயலாக்குவதற்கு வந்த அதே கருவிகள் அயலவரைக் கொல்லுவதற்கும் உதவின. அபிவிருத்தி வளர்ந்தாற் சமாதானம் தானே வரும் என்பது அக்காலப் பொருளியலறிஞர் பலரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை தவறானது என்பதனை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்க இயலாது. சமாதானக் கல்வி ஒரு துறையாக இலங்கையில் அறியப்படாத காலத்திலே அதன் முதற் பாடம் அம்மாணவருக்குக் கிடைத்தது. ஜோஹான் கல்துங் நேரடி வன்முறையினையும் அமைப்புசார் வன்முறையினையும் வேறுபடுத்திக் காட்டிய கட்டுரை 1969இலேயே வெளியாயிற்று. பிரட்போர்ட் பல்கலைக்கழகத்திற் சமாதானக் கல்வித்துறை 1973இலேயே அமைந்தது.

எனினும், பாடம் கிடைப்பது வேறு. அதனைக் கற்பது வேறு. திகைப்பூட்டும் அனுபவம் ஒன்று மனிதனை அவ்விடத்தினின்று விலகச் செய்யவுங்கூடும். 1956இலும் 1958இலும் நிகழ்ந்த கலவரங்களின் பின்னர் இலங்கையிற் கள ஆய்வு செய்யும் மனநிலை தமக்கு இல்லாது போயிற்று எனத் தம்பையா பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார். 1960இல் அவர் யுனெஸ்கோ நிறுவனத்தின் பணிக்காகத் தாய்லாந்து சென்றார். அந்நாட்டுப் பௌத்தம் பற்றிய அவருடைய நூல்கள் உலகப் புகழ் பெற்றன. கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவார்ட் பல்கலைக்கழகங்கள் அவரை ஏற்றுக்கொண்டன. கல்லோயாவில் எழுந்த வினாவோ விடையின்றி இருந்தது.

1983ஆம் ஆண்டின் இனப்படுகொலைகளே அவ்வினாவுக்கு அவரை மீண்டும் திருப்பின. 1986இல் இலங்கையின் இனமுரண்பாடு பற்றி அவர் எழுதிய நூல், தூரநின்று எழுதும் ஆய்வாக அன்றி, ஈடுபாட்டுடன் எழுதப்பட்ட அரசியல் நூலாகவே அவராற் கருதப்பட்டது. 1992இற் பௌத்தமும் அரசியலும் பற்றிய நூலையும், 1996இற் தென்னாசியாவின் இனக்கலவரங்களை ஒப்பிட்டாராயும் நூலையும் வெளியிட்டார். இறுதியாகக் கூறிய நூலிலே 1956ஆம் ஆண்டின் கல்லோயாக் கலவரமும் ஆராயப்படுகின்றது. கும்பல் எவ்வாறு திரள்கின்றது, வதந்தி எவ்வாறு தொழிற்படுகின்றது, கலைந்து சென்றவர்கள் எவ்வாறு தம் அன்றாட வாழ்வுக்குக் குற்றவுணர்வின்றித் திரும்புகின்றனர் என்பன அவர் எழுப்பிய வினாக்களாகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் மாணவருடன் மேற்கொண்ட ஒரு களப்பயணத்தின் அறிக்கை அப்பொழுதே நிறைவுபெற்றது எனலாம். தம்பையா 2014ஆம் ஆண்டிற் காலமானார்.

1956ஆம் ஆண்டின் பயணம் பிறிதொன்றையும் உணர்த்துகின்றது. வினாக்கொத்து என்பது கேட்பவன் முன்கூட்டியே முக்கியமெனக் கருதியவற்றின் தொகுப்பு. காணி, விளைச்சல், கடன், குடும்பம் என்பவற்றை அதனால் அளவிடலாம். ஒரு மக்கட்டொகுதி மற்றொன்றைப்பற்றி மனத்துள் வைத்திருக்கும் அச்சத்தினை அது எளிதில் அளவிடாது. விடையளிப்பவன் அந்நியனொருவனுக்கு அதனைச் சொல்லவும் மாட்டான். அதனை அறிய வேண்டின், கேட்பவன் அந்நியனாக இருக்கும் நிலை மாறுதல் வேண்டும்.

அந்நிலையை மாற்றுவதற்கு வேறொரு வழி 1958இலே தேடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நாடெங்கும் இனக்கலவரம் மூண்டது. டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியரான ஏ. ரீ. ஆரியரத்ன தம் மாணவரையும் சக ஆசிரியரையும் கனத்தொலுவை என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அது சமூகத்தால் ஒதுக்கப்பட்ட ரொடியர் சாதியினர் வாழ்ந்த கிராமம். மாணவர் அங்கு தங்கி, அம்மக்களோடு உண்டு, கிணறு தோண்டுதல் முதலிய பணிகளில் அவர்களுடன் சேர்ந்து உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் இதிலிருந்தே தோன்றியது. வினாவுக்கு முன் உழைப்பு வந்தமை இப்பயணத்தின் சிறப்பாகும். நகர்ப்புறக் கல்லூரி மாணவன் ஒதுக்கப்பட்டவனின் கையாற் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, சாதி பற்றி அவன் வீட்டிலே கற்றிருந்த பாடம் அழியத் தொடங்கியிருத்தல் வேண்டும். ஆயினும், முகாம் முடிந்தபின் மாணவர் திரும்பிச் செல்வர். கிராமத்தவர் அங்கேயே இருப்பர். சில நாட்களின் நல்லுறவு நெடுங்கால அமைப்பாக மாறுவது எவ்வாறு என்னும் வினா எஞ்சிநின்றது.

குறுகிய பயணங்களின் குறைபாட்டினை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் பிரித்தானிய அறிஞரான றொபேட் சேம்பர்ஸ் ஆவார். 1970களில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நெற்செய்கை பற்றி நடைபெற்ற கேம்பிரிட்ஜ் ஆய்விற் பங்குபற்றியவர் அவர். 1983இல் வெளியிட்ட நூலொன்றிலே ‘கிராமிய அபிவிருத்திச் சுற்றுலா’ பற்றி அவர் கடுமையாக எழுதினார். நகரிலிருந்து வருபவர் தார்வீதியை அண்டிய வீடுகளையே காண்கின்றனர். மழைக்காலத்தைத் தவிர்த்து வறண்ட பருவத்திலேயே வருகின்றனர். திட்டங்கள் நடைபெறும் இடங்களையே பார்க்கின்றனர். ஆண்களோடும் வசதியுள்ளவர்களோடுமே பேசுகின்றனர். மரியாதை கருதிச் சங்கடமான வினாக்களைத் தவிர்க்கின்றனர். மிக வறியவர் இதனாற் கண்ணுக்குப் புலனாவதில்லை. பல்கலைக்கழகப் பேருந்திற் காலையிற் சென்று மாலையில் மீளும் மாணவர் குழுவுக்கும் இவை யாவும் பொருந்தும்.

இப்பின்னணியிலேயே கல்லோயாவின் இரண்டாவது பயணத்தை நோக்குதல் தகும். 1970களின் இறுதியளவில் இடதுகரை வாய்க்கால் தொகுதி சீர்குலைந்திருந்தது. மடைகள் உடைக்கப்பட்டிருந்தன, வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன, தலைப்பகுதியினர் வேண்டியமட்டும் நீர் எடுக்க, கடைப்பகுதியினரின் வயல்கள் காய்ந்தன. தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களவரும் கடைப்பகுதியின் சில இடங்களிற் தமிழரும் இருந்தமையால், தண்ணீர்ப் பிணக்கு இனப்பிணக்காக மாறும் அபாயம் எப்பொழுதும் இருந்தது. அமெரிக்க உதவியுடன் புனரமைப்புத் திட்டமொன்று தொடங்கப்பட்டபோது, கமக்காரரை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடமும் கோர்னெல் பல்கலைக்கழகத்திடமும் விடப்பட்டது. இப்பணியில் முன்னின்றவர்களுள் அரசறிவியலாளரான நோர்மன் அப்ஹொஃபும் நிறுவகத்தைச் சேர்ந்த சி. எம். விஜயரத்னவும் குறிப்பிடத்தக்கோர்.

வேலையற்றிருந்த இளம் பட்டதாரிகள் தெரிவுசெய்யப்பட்டு, பயிற்சியளிக்கப்பட்டு, 1981ஆம் ஆண்டின் முற்பகுதியில் உகணைப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அமைப்பாளர் எனப்பட்ட இவர்களுட் பலர் கமக்காரக் குடும்பங்களிற் பிறந்தவர். இவர்களுக்கு இடப்பட்ட கட்டளை எளிமையானது. குடியேற்றத்திலேயே தங்குதல் வேண்டும். கமக்காரரை ஒவ்வொருவராகச் சென்று காணுதல் வேண்டும். சங்கம் அமைக்க அவசரப்படாது, முதலிற் கமக்காரர் தாமே இனங்காணும் ஒரு பிரச்சினையைச் சேர்ந்து தீர்க்கத் துணைநிற்றல் வேண்டும். வினாக்கொத்துடன் வந்தவர் போலன்றி, இவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதனையே தொழிலாகக் கொண்டனர்.

அவ்வாண்டுச் சிறுபோகத்தின்போது சமுத்திரத்தில் இருந்த நீர் கொள்ளளவின் நான்கிலொரு பங்களவே. பிணக்குகள் மலியும் என்றே அதிகாரிகள் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. சில வாரங்களுக்குள், ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் பத்திருபது கமக்காரர் கூடி, நெடுங்காலம் துப்புரவு செய்யப்படாதிருந்த வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மீதப்படுத்திய நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். பிரதிநிதிகளை வாக்கெடுப்பினாலன்றி, யாவரதும் இணக்கத்துடன் தெரிந்தெடுத்தனர். சிங்களக் கமக்காரர் சேமித்த நீர் தமிழ்க் கமக்காரரின் வயல்களையும் சென்றடைந்தது. யாழ்ப்பாண நூலகம் எரியுண்ட அதே ஆண்டில், 1956இல் இரத்தம் சிந்தப்பட்ட அதே பள்ளத்தாக்கில் இது நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

அப்ஹொஃப் 1992இல் இவ்வனுபவத்தை விரிவான நூலாக எழுதினார். மனிதர் தன்னலத்தாலேயே இயங்குவர் என்னும் முற்கோளுடன் சென்ற சமூக விஞ்ஞானி, தான் கண்டதனால் அம்முற்கோளையே மீள்பரிசீலனை செய்ய நேர்ந்தது என்பதே அந்நூலின் சாரமாகும். கமக்காரர் அமைப்புகள் திட்டம் முடிந்தபின்னரும் நிலைத்தன. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தின்போது சுமார் 15,000 ஏக்கருக்கே நீர் போதுமெனக் கணிக்கப்பட்டிருந்தும், கமக்காரர் நீரைப் பங்கிட்டு, ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு நல்ல விளைச்சல் பெற்றனர் என்பது பதிவாகியுள்ளது. அப்போது வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்தது.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் பொருந்தாது. அமைப்பாளரின் நியமனம் தற்காலிகமானது. நிரந்தரமான ஆசிரியத் தொழில் கிடைத்ததும் அவர்களுட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். மீண்டும் மீண்டும் புதியோரைப் பயிற்றவேண்டியதாயிற்று. அன்றியும், வாய்க்காலிற் பிறந்த இணக்கம் நாட்டின் அரசியலை மாற்றவில்லை. 2009 வரை நீடித்த போரில் அம்பாறை மாவட்டத்தின் தமிழரும், முஸ்லிம்களும், சிங்களவரும் கொடிய படுகொலைகளுக்கு ஆளாயினர். மொழி, காணி, அதிகாரப் பகிர்வு என்பன பற்றிய நியாயமான தீர்வு இன்றி, மடையைத் திறந்து நீர் விடுவதனால் மாத்திரம் இனப்பிரச்சினை தீர்ந்துவிடாது. கமக்காரரின் நற்பண்பைக் காட்டி அரசின் பொறுப்பை மறைப்பது ஆய்வாளனுக்கு அழகன்று.

இவ்விரு பயணங்களையும் ஒப்பிடுமிடத்து, முதலாவது தோற்றது, இரண்டாவது வென்றது எனக் கூறுதல் தவறாகும். ஒரு சமூகம் எவ்வாறு உடைகின்றது என்பதனை 1956 காட்டியது; உடைந்த இடத்தில் ஒட்டுதல் எவ்வாறு தொடங்கலாம் என்பதனை 1981 காட்டியது. சமாதானத்தையும் அபிவிருத்தியையும் கற்பவனுக்கு இரண்டும் வேண்டியவையே. இரண்டிலும் கல்வி நிகழ்ந்தமைக்குப் பொதுவான காரணம் ஒன்றுண்டு. சென்றவர்கள் தாம் எதிர்பாராததைக் கண்டபோது, அதனை அறிக்கையின் புறத்தே தள்ளிவிடவில்லை. தம்பையா நாற்பது ஆண்டுகளின் பின்னராயினும் அதற்கு முகங்கொடுத்தார். அப்ஹொஃபும் அவர்தம் துணைவரும் தம் கோட்பாட்டையே திருத்தினர்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் களப்பயணங்களை ஒழுங்குசெய்வோர் இதிலிருந்து சிலவற்றைக் கொள்ளலாம். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் மீளச் செல்லும் பயணம், பல இடங்களை ஒரே நாளிற் காட்டும் பயணத்தைவிடப் பயனுடையது. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் சேர்ந்து செல்லும்போது, மாணவர் குழுவே முதற் களமாகிவிடுகின்றது. கிராமத்தவரின் மொழியை ஓரளவேனும் அறியாது செல்பவன், உடன்வரும் மொழிபெயர்ப்பாளனின் கிராமத்தையே காண்பான். திரட்டிய செய்தியை அம்மக்களிடமே மீளக் கொண்டுசென்று கூறி, அவர்தம் மறுப்பையும் கேட்பது ஆய்வின் பகுதியாதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு மாணவனதும் குறிப்பேட்டில், கேட்கச் சென்ற வினாக்களுக்கான விடைகளைத் தொடர்ந்து, கேட்க நினையாத வினாக்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.

சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் இன்றும் தலைமடையிலிருந்து கடைவயல் வரை மூன்று சமூகங்களின் நிலங்களினூடாகப் பாய்கின்றது. அதன் கரையிற் கற்பதற்கு இன்னும் எவ்வளவோ உண்டு. அங்கு செல்லும் மாணவர் 1956ஐயும் 1981ஐயும் அறிந்து செல்வாராயின், வாய்க்காலின் ஓரத்தில் நிற்கும் முதியவர் ஒருவர் தம் வாழ்வைப்பற்றிப் பேசத் தொடங்கும்போது, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதை முழுவதும் கேட்டிருக்கும் பொறுமை அவர்களுக்கு வாய்க்கும்.